நெகடிவ் பெட்டியை முதலில் திறங்கள், ஸ்கேனரைப் பிறகு தேடலாம்

சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பிஸ்கட் டின்னில் நெகடிவ்கள் இரண்டு விதமாக இருந்தன. அடியில், பட்டர் பேப்பர் உறைகளில், இரண்டேகால் அங்குலச் சதுர நெகடிவ்கள். 1960-களில் அவர் அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்தவை. அதற்கு மேலே ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டிய 35 மி.மீ. துண்டுகள். யாஷிகா வாங்கிய பிறகு எடுத்தவை. எல்லாமே கறுப்பு வெள்ளை. சிலவற்றின் ஓரத்தில் ‘ஆர்வோ’ என்று ஃபிலிம் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. சில, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல்கள்.

சித்தப்பா மகன் கேட்டது ஒரே கேள்விதான். “அண்ணே, இதுக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்? முப்பதாயிரத்துக்கு மேல போக முடியாது.” பதில் சொல்லாமல் ஒரு ஸ்கேல் எடுத்து வரச் சொன்னேன்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. அக்ஃபா கிளிக்கில் போடும் அகல ஃபிலிமுக்கு 120 ரோல் என்று பெயர், அதன் சதுரப் படம் 56 × 56 மி.மீ. பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். சின்னப் படத்துக்குப் போதாத மெஷின் பெரிய படத்துக்குத் தாராளமாகப் போதும். சின்னதை அருமையாக எடுக்கும் மெஷினுக்குள்ளே பெரியது நுழையவே நுழையாது. கைக்கு அடக்கமான விலையில் தேடுகிறவர்களுக்கு முக்கால்வாசி முடிவு இந்த இடத்திலேயே வந்துவிடும். ஆனால் கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். அவர் காட்டுவது பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எண்களைத்தான்.

பெட்டிமேல் இருக்கும் மூன்று ஆசைகள்

முதல் ஆசை டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. மேசை ஸ்கேனரான எப்சன் வி600-இன் பெட்டியில் 6,400 என்று இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமுக்கென்றே வரும் பிளஸ்டெக் 8100-இல் 7,200. எண்களைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றுதான் தோன்றும். அந்த எண் சென்சார் எத்தனை புள்ளிகளாக வெட்டிப் பார்க்கிறது என்பதைச் சொல்கிறது. லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தை அந்தச் சென்சாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது வேறு கணக்கு. நுண்கோடுகள் அச்சிட்ட சோதனைத் தகட்டை வைத்து அளந்தால் வி600 உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1,600 டிபிஐ. பிளஸ்டெக் 3,000-ஐத் தாண்டும். பெட்டியில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருப்பவை, அளந்து பார்த்தால் ஒன்று மற்றதில் பாதி.

இந்த 1,600-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். 35 மி.மீ. படத்தில் கிடைப்பது ஏறக்குறைய 2,270 × 1,510 பிக்சல், மூன்றரை மெகாபிக்சல்கூட இல்லை. ஏழுக்கு ஐந்து அங்குலப் பிரிண்ட் நன்றாக வரும், அதற்கு மேல் இழுத்தால் மசமசக்கும். அதே 1,600-இல் 120 சதுரப் படம் 3,500 × 3,500 பிக்சலுக்கு மேல், 12 மெகாபிக்சல். பன்னிரண்டு அங்குலத்துக்குக் கிட்டத்தட்டப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம். அதிலும் அக்ஃபா கிளிக் மாதிரி எளிய லென்ஸ் கேமராவில் எடுத்த நெகடிவில், இதற்கு மேல் தோண்டி எடுக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

இரண்டாவது ஆசை டிமேக்ஸ். ஃபிலிமின் எவ்வளவு கறுத்த பகுதிக்குள் ஸ்கேனரால் ஊடுருவிப் பார்க்க முடியும் என்ற அளவு. 3.4, 4.0 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். கலர் ஸ்லைடு ஸ்கேன் செய்பவருக்கு இது முக்கியம், ஏனென்றால் ஸ்லைடின் இருட்டுப் பகுதி 3-ஐத் தாண்டும். ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகடிவின் அடர்த்தி 2-ஐச் சுற்றியே நின்றுவிடும். அதனால் இந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது: அகச்சிவப்புத் தூசி நீக்கம். ‘டிஜிட்டல் ஐஸ்’ என்று எப்சனில் வரும். பிளஸ்டெக்கில் மாடல் எண்ணுக்குப் பின்னால் ‘ஐ’ எழுத்து இருந்தால் இது உண்டு என்று அர்த்தம். 8100-க்கும் 8200ஐ-க்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். கலர் ஃபிலிமில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்பு ஒளி சாயத்தைத் தாண்டிப் போய்விடும், தூசியிலும் கீறலிலும் மட்டும் தடுக்கிக்கொள்ளும். எங்கே தடுக்கியதோ அங்கே தூசி என்று மென்பொருள் குறித்துக்கொண்டு அந்த இடத்தைப் பூசி மறைக்கிறது. கெட்டிக்கார வேலைதான். கறுப்பு வெள்ளை நெகடிவிலோ படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும். ஆகவே மென்பொருளின் கண்ணுக்கு அம்மாவின் முகமே தூசி. தெரியாமல் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு ஸ்கேன் செய்தால் மூக்கும் புருவமும் பிசைந்த மாவு மாதிரி வரும்.

விதிவிலக்கு உண்டு. இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற, கலர் கெமிக்கலில் கழுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களில் கடைசியில் மிஞ்சுவது சாயம்தான், வெள்ளி இல்லை. அவற்றில் தூசி நீக்கம் வேலை செய்யும். நம் பரண்களில் இருக்கும் ஆர்வோ, இந்து ரோல்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. தூசியை ஸ்கேனுக்கு முன்னால் காற்றூதும் ரப்பர் பல்பை வைத்து விரட்ட வேண்டும், மிச்சத்தை ஜிம்ப் மாதிரி மென்பொருளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். எந்த ஸ்கேனர் வாங்கினாலும் இந்த வேலை மாறாது.

வி600: மேசை ஸ்கேனர்

ஆபீஸில் இருக்கும் சாதாரண ஸ்கேனரிலோ பிரிண்டரோடு ஒட்டி வரும் ஸ்கேனரிலோ நெகடிவை வைத்துப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக ஏதோ வந்திருக்கும். நெகடிவுக்கு ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். வி600-இன் மூடிக்குள் அதற்கென்று தனி விளக்கு இருக்கிறது. இந்த மாதிரி மூடி விளக்கு இல்லாத எந்த ஸ்கேனரும் இந்த வேலைக்கு ஆகாது, எவ்வளவு டிபிஐ போட்டிருந்தாலும்.

35 மி.மீ. துண்டு இரண்டை, அதாவது 12 ஃபிரேமை, ஒரே தடவையில் ஏற்றலாம். 120 துண்டும் ஏறும். ஏற்றிவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஆல்பத்தில் ஒட்டிய பழைய பிரிண்டையும் இதே மெஷினில் எடுக்கலாம். குடும்பப் படம் சேகரிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பாதி நெகடிவ் தொலைந்துபோய் பிரிண்ட் மட்டுமே இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

இதன் பலவீனம் ஃபிலிம் ஹோல்டர். மெலிந்த பிளாஸ்டிக். ஃபோகஸ் ஒரே உயரத்தில் நிலைத்திருப்பதால் ஃபிலிம் நடுவில் தொய்ந்தாலோ வளைந்தாலோ அந்த இடம் மங்கிவிடும். விலை கூடிய வி850-இல் ஹோல்டரின் உயரத்தை மாற்ற முடியும், இதில் முடியாது. சுருண்ட நெகடிவைச் சுத்தமான பட்டர் பேப்பருக்குள் வைத்து, தடித்த புத்தகத்தின் அடியில் ஒரு வாரம் போட்டு எடுத்தால் பாதிச் சுருள் போய்விடும்.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை: 16 பிட் கிரேஸ்கேல் (கறுப்பு முதல் வெள்ளைவரை உள்ள சாயல்களை நுணுக்கமாகப் பதிவது), 3,200 டிபிஐ, டிஃப் கோப்பு (ஜேபெக் மாதிரி சுருக்கி எதையும் இழக்காதது), தூசி நீக்கமும் கூர்மையாக்கலும் அணைத்து. 6,400 வைத்தால் கோப்பு நான்கு மடங்கு வீங்கும், படத்தில் புதிதாக எதுவும் சேராது.

பிளஸ்டெக் 8100: சின்ன வாய், கூர்மையான கண்

ரொட்டிப் பெட்டி அளவு மெஷின். 35 மி.மீ. மட்டும்தான். துண்டை ஹோல்டரில் பூட்டி, பக்கவாட்டில் நுழைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் தள்ள வேண்டும். தானாக நகராது. ஆகவே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைக்கிறது. வி600-இல் கூட்டமாகத் தெரிந்த கல்யாணப் பந்தி இதில் தனித்தனி ஆட்களாகத் தெரியும். ஃபிலிமின் துகள்கள்கூடக் கடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் முழு நுணுக்கம் வேண்டுமென்றால் 7,200-இல் ஸ்கேன் செய்து பிறகு பாதியாகச் சுருக்க வேண்டும், 3,600-இலேயே எடுத்தால் அவ்வளவு கூர்மை வருவதில்லை. 7,200-இல் ஒரு ஃபிரேம் சுமார் 69 மெகாபிக்சல், 16 பிட் கிரேஸ்கேலில் 140 எம்பிக்குக் கிட்டத்தட்ட. ஒரு ரோலுக்கு 36 ஃபிரேம், பெருக்கிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் விலையையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் இருப்பது முழுக்க முழுக்க 35 மி.மீ. என்றால், கேமராவும் கிடையாது என்றால், 8100-ஐ வாங்குங்கள். 8200ஐ வேண்டாம். காரணம் மேலே சொல்லியாயிற்று. கலர் நெகடிவும் கணிசமாக இருந்தால் மட்டும் அந்த முடிவை மறுபடி யோசிக்கலாம்.

கேமராவே ஸ்கேனர்

வீட்டில் லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா இருந்தால், ஸ்கேனர் வாங்கும் எண்ணத்தையே ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். கேமராவால் நெகடிவைப் படம் பிடிப்பதில் பெரிய தலைவலி கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறப் பூச்சுதான். அதைக் கழித்துச் சரியான நிறம் கொண்டுவரத்தான் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களெல்லாம். கறுப்பு வெள்ளையில் அந்தப் பூச்சு கிடையாது. மென்பொருளில் வெளிச்சத்தைக் காட்டும் வளைகோட்டைத் தலைகீழாகப் புரட்டினால் படம் நேராகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற படத் திருத்த மென்பொருளில் இதற்கென்றே நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. ஸ்கேனர் கம்பெனிகள் கறுப்பு வெள்ளைக்காரர்களை தூசி நீக்கத்தில் ஒதுக்கினவே, அதற்கு ஈடாக இங்கே நமக்கு ஒரு சலுகை.

24 மெகாபிக்சல் கேமராவில் 35 மி.மீ. படத்தை முழுச் சட்டத்துக்கும் நிரப்பினால் நீளவாட்டில் 6,000 பிக்சல் கிடைக்கும், 4,200 டிபிஐக்குச் சமம். சென்சாரின் கலர் வடிகட்டியில் கொஞ்சம் இழந்தாலும், வி600-ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிடும். 120 சதுரப் படத்துக்கு 4,000 × 4,000, அதாவது 16 மெகாபிக்சல். வேகமும் கூட: கை பழகிவிட்டால் ஒரு ரோல் பத்துப் பதினைந்து நிமிடம்.

தேவை நான்கு பொருள். முதலாவது மேக்ரோ லென்ஸ். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் இவ்வளவு பக்கத்தில் போகாது. புது மேக்ரோ விலை அதிகம். பழைய மேனுவல் லென்ஸ் போதும். நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ மாதிரி ஒன்று, கூடவே லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப். அந்த லென்ஸ் தனியாக நெகடிவைச் சென்சாரில் அதன் பாதி அளவுவரைதான் காட்டும், ட்யூப் போட்டால் முழு அளவுக்கு வரும். மூடிப்போன டார்க் ரூம் யாரிடமாவது இருந்தால் நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரின் லென்ஸைக் கேட்டுப் பாருங்கள். தட்டையான பரப்பைப் படம் பிடிக்கவே பிறந்த லென்ஸ் அது. என்லார்ஜரையே கொடுத்தால் இன்னும் நல்லது. தலையைக் கழற்றிவிட்டு அந்தத் தூணில் கேமராவை மாட்டினால், கடையில் விற்கும் காப்பி ஸ்டாண்டைவிட உறுதியாக நிற்கும்.

அடுத்தது விளக்கு. எல்இடி டிரேசிங் பலகை போதும். நிறத் துல்லியம் பற்றிக் கலர்க்காரர்கள் போடும் சண்டை நமக்கு வேண்டாம், சீராகப் பரவினால் சரி. நெகடிவைப் பலகைமேல் படுக்க வைக்காமல் ஒரு அங்குலம் உயர்த்துங்கள், பலகையின் புள்ளியும் தூசியும் ஃபோகஸை விட்டு வெளியே போய்விடும். நெகடிவைச் சுற்றி மிச்ச வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மூட வேண்டும். மூடாவிட்டால் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறிப் படம் வெளுத்துப்போகும். மலிவான எல்இடி சிமிட்டும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஷட்டரை மெதுவாக வைத்தால் அது மறையும்.

மூன்றாவது, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான்காவது காசில்லாதது: ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு. நெகடிவ் இருக்கும் இடத்தில் கண்ணாடியை வைத்து வ்யூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் வந்தால் கேமரா நெகடிவுக்கு நேராக இருக்கிறது. விலகியிருந்தால் ஒரு ஓரம் கூர்மை, மறு ஓரம் மங்கல். லெவல் வைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டிய வேலையை இந்தத் துண்டு இரண்டு நிமிடத்தில் முடித்தது.

கேமரா அமைப்பு: எஃப்/8, ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர், ரா கோப்பு (சென்சார் பார்த்ததை அப்படியே சேமிப்பது). நெகடிவின் பளபளப்பில்லாத பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். அப்படி எடுத்தால் இடம் வலமாக மாறி வரும், பிறகு ஒரு சொடுக்கில் திருப்பிக்கொள்ளலாம்.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்றுதான். இது மெஷின் இல்லை, வேலை. ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டு போட்டு, நேராக்கி, ஃபோகஸ் பார்த்து, புரட்டி, வெட்டி முடிக்க வேண்டும். மேசையை நிரந்தரமாக ஒதுக்க முடியாத வீட்டில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உற்சாகம் வடிந்துவிடும். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன்.

மற்றவை, சுருக்கமாக

திரை வைத்த சின்னப் பெட்டி ஸ்கேனர்கள், கோடக் ஸ்கான்ஸா வகை: கம்ப்யூட்டர் வேண்டாம், சில வினாடியில் படம் வரும், ஜேபெக் மட்டும்தான். வெளிச்சமான வானம், வெள்ளை வேட்டி எல்லாம் வெளுத்து ஒன்றாகிவிடும், பிறகு மீட்க முடியாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போதும். அதற்கு மட்டும்தான் என்றால் வெள்ளையாக ஒளிரும் ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நெகடிவைப் பிடித்து மொபைலில் எடுத்து நிறத்தைப் புரட்டினால் காசே செலவில்லை. எதை ஒழுங்காக ஸ்கேன் செய்வது என்று பொறுக்கியெடுக்க நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய நிக்கான் கூல்ஸ்கேன், மினோல்டா ஸ்கேன் டூயல்: பெட்டிமேல் போட்ட எண்ணை ஏறக்குறைய அப்படியே கொடுத்த காலத்து மெஷின்கள். இரண்டு கம்பெனியும் இந்தத் தொழிலை விட்டு வெகுகாலம் ஆகிறது. உதிரிபாகம் இல்லை. நிக்கானின் சொந்த மென்பொருள் புது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டதில்லை, வியூஸ்கேன் என்ற வேறு ஸ்கேனர் மென்பொருளை வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, கூல்ஸ்கேனின் ஒளி கூர்மையானது, வெள்ளித் துகளில் பட்டுச் சிதறி கீறலையும் துகளையும் தூக்கிக் காட்டும். கீறல் விழுந்த நம் பரண் நெகடிவுக்கு மேசை ஸ்கேனரின் மென்மையான ஒளியே தயவு காட்டும். நல்ல நிலையில் சல்லிசாகக் கிடைத்தால் வாங்குங்கள், தேடி அலைய வேண்டாம்.

லேபில் கொடுப்பது: ஐந்தாறு ரோல்தான் என்றால் அதுவே லாபம். நான் கொடுத்த ஓரிடத்தில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, ஓரத்தை வெட்டி, 8 பிட் ஜேபெக்காகக் கொடுத்தார்கள். தவறு என்னுடையதும்தான், 16 பிட் டிஃப் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரு எச்சரிக்கை. ஸ்டுடியோவில் எடுத்த பெரிய நெகடிவ் இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து ஆட்கள் முகத்துச் சுருக்கத்தையும் தழும்பையும் நெகடிவின் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள். சாய்த்துப் பிடித்தால் கிராஃபைட் மினுமினுக்கும். துடைத்தால் பாட்டியின் வயது பத்து கூடிவிடும். டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த உறைகளைத் தனியே எடுத்து வைத்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியில் வாங்கியது

தம்பியிடம் கேமரா இல்லை. டின்னில் பாதிக்கு மேல் 120. பிரிண்ட் ஆல்பம் மூன்று. பொறுமையும் அவ்வளவாகக் கிடையாது. கணக்கு எளிது: வி600, பழையது. 35 மி.மீ. துண்டுகளில் பெரிதாகப் பிரிண்ட் போடத் தோன்றும் பத்திருபதை என் கேமராவில் எடுத்துத் தருவதாக ஏற்பாடு.

பழையது வாங்கும்போது மூடி விளக்கு எரிகிறதா என்று ஒரு நெகடிவ் வைத்துப் பார்த்தோம். கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். இந்த வகை ஸ்கேனர்களில் அது வரும். லேசாக இருந்தது, அதைச் சொல்லி விலை குறைத்தோம். ஸ்கேனில் நெடுக ஒரே கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம், ஹோல்டரின் தலைப்பக்கம் மெஷின் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் திறந்த இடத்தில் தூசி இருக்கும், துடைத்தால் போகும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் 120 ஹோல்டர் இல்லை என்று தெரிந்தது. விற்றவருக்கே அப்படி ஒன்று இருந்தது நினைவில்லை. கறுப்புச் சார்ட் அட்டையில் சதுரம் வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஸ்கேன் போட்டுப் பார்த்தோம். முதல் இரண்டில் தாத்தா மங்கலாக உட்கார்ந்திருந்தார். நான்காவது அடுக்கில் திண்ணைச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் 14 என்ற தேதியைப் படிக்க முடிந்தது. மாதத்தை இன்னும் படிக்க முடியவில்லை.